அப்பா பெயரில் லைசென்ஸ் உள்ள .315 ரைபிள் சரியாக வெடிக்கவில்லை. கோவை கன் ஷாப்புக்கு நான் கொண்டுபோகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோட்டம், அப்பா பெயரில் .315 போல்ட் ரைபிள். பத்துத் தோட்டா போட்டால் இரண்டு மூன்று வெடிப்பதில்லை. வெடித்ததில் சிலவற்றின் காலிக்கூடு உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அப்பாவால் பயணம் செய்ய முடியாது, கோவையில் ரிப்பேர் செய்யும் கன் ஷாப் இருக்கிறது, நீங்கள் எடுத்துப் போகலாமா, போய் என்ன சொல்லி ஒப்படைப்பது?

முதலில் ஒரு வேண்டுகோள். ரைபிளைப் பளபளவென்று துடைத்து, எண்ணெய் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். சுட்ட காலிக்கூடுகளைக் கொண்டுபோங்கள். பழுது எங்கே என்பதை ரைபிளை விடக் காலிக்கூடுதான் தெளிவாகச் சொல்லும். பெரும்பாலானோர் கூட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, துடைத்த துப்பாக்கியோடு கடைக்குப் போய் "சரியா வெடிக்கலைங்க" என்கிறார்கள். போல்ட்டுக்குள் (கையால் முன்னும் பின்னும் தள்ளித் தோட்டாவை ஏற்றும் உருளை) இருந்த அழுக்குதான் காரணமாக இருந்திருந்தால், துடைத்ததில் அந்தத் தடயமும் போய்விட்டது. மெக்கானிக் அங்கே டம்மி (மருந்தில்லாத) தோட்டா போட்டுப் பார்க்கிறார், எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்கு வந்ததும் அதே கதை.

காலிக்கூடுகளுக்கு மார்க்கரால் 1, 2, 3 என்று சுட்ட வரிசையில் எண் போடுங்கள். தோட்டா அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), சுட்ட நேரம், காலையா மதியமா, மழையா வெயிலா என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள்.

தோட்டாவின் அடிப்பாகத்தில் நடுவில் இருக்கும் சிறிய வட்டம்தான் ப்ரைமர்; ஊசி குத்தினால் பற்றி, உள்ளே இருக்கும் மருந்தைக் கொளுத்துவது இது. வெடிக்காத தோட்டாவில் ஊசி குத்திய பள்ளத்தையும் வெடித்ததில் உள்ள பள்ளத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே ஆழம், நடுவில் சரியாக விழுந்திருக்கிறது, ஆனாலும் ஒன்று வெடிக்கவில்லை என்றால் சந்தேகம் தோட்டா மேல். பழைய தோட்டா, ஈரம் ஏறிய பெட்டி, அல்லது எண்ணெய் கசிந்து ப்ரைமருக்குள் இறங்கியது. வேறு லாட் தோட்டாவில் சரியாக வெடித்தால் ரைபிளில் கை வைக்கவே தேவையில்லை. பள்ளம் மேலோட்டமாக இருந்தால் பழுது ரைபிளில். அதற்கு நான்கு காரணங்கள் உண்டு: போல்ட்டுக்குள் பிசின் மாதிரி இறுகிய பழைய எண்ணெய், ஊசியைத் தள்ளும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்தது, ஃபயரிங் பின் என்ற அந்த ஊசி தேய்ந்தது அல்லது நுனி உடைந்தது, போல்ட் முழுதாக மூடாமல் நிற்பது.

இதில் முதல் காரணம் நம் பக்கத்தில் மிக அதிகம். கைக்குக் கிடைக்கிறதென்று தேங்காய் எண்ணெய் போடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடிகாலையில், அட்டப்பாடியிலோ நெல்லியாம்பதியிலோ பன்றிக்குக் காவல் இருக்கும் நேரத்தில், போல்ட்டுக்குள் அது மெழுகாகி நிற்கும். ஸ்பிரிங் தள்ளுகிற வேகத்தை அந்த மெழுகு தின்றுவிடும், ஊசி தட்டும் ஆனால் குத்தாது. அதே ரைபிள் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பிசகாமல் வெடிக்கும். அதனால்தான் நேரத்தைக் குறிக்கச் சொன்னேன். மிஸ்ஃபயர் (வெடிக்காமல் போவது) எல்லாம் விடிகாலையில்தான் என்று உங்கள் தாளில் இருந்தால், மெக்கானிக் போல்ட்டைப் பிரித்துக் கழுவுவதிலேயே வேலை முடிந்துவிடலாம்.

ஸ்பிரிங் தளர்ந்ததா என்பதற்கு ஓர் அறிகுறி உண்டு. இந்தியாவில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315, பழைய லீ என்ஃபீல்டு ராணுவ ரைபிளின் போல்ட் அமைப்பைக் கொண்டது. போல்ட்டை முன்னால் தள்ளும்போது கடைசி இரண்டு விரற்கடையில்தான் ஸ்பிரிங் ஏறும், அங்கே கை அழுத்தம் கேட்கும். காலி ரைபிளில் அந்த அழுத்தம் முன்பு மாதிரி இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது. இது கைப்பழக்கத்தில் தெரிவது, அப்பாவையே தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி சிக்கும் கூடு. காலிக்கூட்டின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுப்பது எக்ஸ்ட்ராக்டர் என்ற நகம். விளிம்பில் ஒரே இடத்தில் கடித்துப் பிய்த்த தடம் இருந்தால் நகம் பிடிக்கிறது, ஆனால் கூடு வர மறுக்கிறது. சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) துருக்குழி இருக்கலாம். வெடிக்கும்போது பித்தளை விரிந்து அந்தக் குழிகளுக்குள் அழுந்திப் பிடித்துக்கொள்ளும். கூட்டின் உடம்பில் நீளவாக்கில் கீறலோ, பொரிப்பொரியான தடமோ தெரியும். விளிம்பில் தடமே இல்லை என்றால் நகம் பிடிக்கவே இல்லை; நகம் தேய்ந்திருக்கும், அல்லது அதைத் தாங்கும் சின்னப் பட்டை ஸ்பிரிங் ஒடிந்திருக்கும். நகத்தையோ அதன் ஸ்பிரிங்கையோ மாற்றுவது சுலபமான வேலை. சேம்பர் துரு அப்படியல்ல. சேம்பரை லேசாக மெருகேற்றலாம், ஆனால் குழி போகும்வரை கடைந்துகொண்டே போனால் சேம்பர் பெரிதாகி, கூடு வீங்கி, வெடித்துப் பிளக்கும். "சேம்பர்ல ரீமர் விட்டுக் கொடுத்துடறேன்" என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

இப்போது சொல்வதைக் கண்டால் அன்றே சுடுவதை நிறுத்திவிட வேண்டும். கூட்டின் அடியிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே சுற்றிலும் பளபளப்பான வளையம். அல்லது ப்ரைமர் தன் இடத்திலிருந்து பின்பக்கம் பிதுங்கி நிற்பது. போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே இருக்க வேண்டியதை விட இடைவெளி கூடியிருக்கிறது என்று இதற்குப் பொருள். இதை ஹெட் ஸ்பேஸ் என்பார்கள். கேஜ் வைத்துத்தான் அளக்க முடியும். இது கூடினால் ஒருநாள் கூடு நடுவில் அறுந்து, சூடான வாயு சுடுபவர் முகத்துக்கு வரும். அந்த ரைபிளின் போல்ட்டும் பாடியும் ஒன்றாகப் பொருத்தப்பட்டவை. இரண்டிலும் ஒரே எண் இருக்கும். வேறு ரைபிளின் போல்ட்டைப் போட்டு "வெடிக்குது பாருங்க" என்று சொல்வது ரிப்பேர் ஆகாது.

வெடிக்காத தோட்டாவை எப்படி வெளியே எடுப்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ட்ரிகர் இழுத்து 'டிக்' என்று மட்டும் கேட்டால் ரைபிளை அதே திசையில் பிடித்தபடி குறைந்தது 30 விநாடி, முடிந்தால் ஒரு நிமிடம் பொறுங்கள். மருந்து தாமதமாகப் பற்றுவது உண்டு. அதன் பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். மறுபடி அதையே போட்டு அடிக்கக் கூடாது. 'புஸ்' என்று பலவீனமாக ஒரு சத்தம் கேட்டால் இன்னும் ஆபத்து: குண்டு பேரலுக்குள் நடுவழியில் நிற்கலாம். அடுத்த தோட்டாவைப் போட்டால் பேரல் பிளந்துவிடும். போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து பேரல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சுவரில் மாட்டி வைத்த துப்பாக்கியில் குளவி மண்கூடு கட்டியிருப்பதும் நம் ஊரில் சகஜம், அதுவும் இதே வேலையைச் செய்யும். ப்ரைமரில் அடி விழுந்த தோட்டாவைப் புதைக்காதீர்கள், பிரிக்காதீர்கள். தனிப் பெட்டியில் வைத்து, கடையில் முதலிலேயே சொல்லி ஒப்படையுங்கள்.

நீங்கள் எடுத்துப் போகலாமா என்பதற்கு வருகிறேன். போகலாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 3(1) பிரிவிலேயே இதற்கு வழி இருக்கிறது. லைசென்ஸ் உடையவரின் முன்னிலையில், அல்லது அவர் எழுத்தில் தந்த அதிகாரத்தோடு, ரிப்பேருக்காகவோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ அவருடைய பயன்பாட்டுக்காகவோ இன்னொருவர் ஆயுதத்தை எடுத்துச் செல்லலாம். வாய்ச்சொல் போதாது, எழுத்து வேண்டும். அந்தக் கடிதத்தில் அப்பாவின் லைசென்ஸ் எண், யுஐஎன் என்ற தனி அடையாள எண், ரைபிளின் போர் (குழல் அளவு), பாடி எண், போல்ட் எண், எந்தக் கடைக்கு, எதற்காக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது இருக்கட்டும். அப்பாவின் கையெழுத்து லைசென்ஸ் புத்தகத்தில் உள்ளது போலவே இருக்க வேண்டும். லைசென்ஸ் அசல், இருவரின் அடையாள அட்டை, கடிதத்தின் இரண்டு பிரதிகள் கூடவே.

ஆனால் உங்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வேலந்தாவளம் தாண்டினால் அடுத்த மாநிலம். லைசென்ஸ் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். கேரளத்துக்கு மட்டும் என்றிருந்தால் கோவைக்குக் கொண்டுபோகக் கூடாது, அதிகாரக் கடிதம் அதைச் சரிசெய்யாது. பாலக்காடு கலெக்டரேட்டின் ஆயுத லைசென்ஸ் பிரிவில் பரப்பை விரிக்க விண்ணப்பியுங்கள், அல்லது கேரளத்துக்குள்ளேயே ரிப்பேர் லைசென்ஸ் உள்ள கடையைப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவை பக்கம்தான், அதற்காகச் சட்டத்தைத் தாண்ட முடியாது. போல்ட்டை மட்டும் கழற்றி கூரியரில் அனுப்பலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஆயுதத்தின் பாகமும் சட்டப்படி ஆயுதம்தான். வேண்டாம்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். 2011, 2016, 2021 மூன்று முறையும் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் சட்டமன்றத் தேர்தல் ஒரே நாளில் நடந்தது. அந்த மாதிரிக் காலத்தில் எல்லைச் சோதனை இரு பக்கமும் இறுகும், கடையிலும் இடம் நிறைந்துவிடும். முன்கூட்டியே போய்விடுங்கள்.

பயணத்தில் ரைபிள் உறையில், போல்ட் தனிப் பையில், தோட்டா வேறு பெட்டியில். சொந்த வண்டி நல்லது. செக்போஸ்ட்டில் நிறுத்தினால் முதலில் "சார், வண்டியில லைசென்ஸ் ரைபிள் இருக்கு, ரிப்பேருக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டுக் காகிதங்களைக் கொடுங்கள். அவர் சொல்லும்வரை உறையைத் தொடாதீர்கள்.

கடையில், விற்பனைக்கு மட்டும் லைசென்ஸ் உள்ள கடையா, ரிப்பேருக்கும் உள்ளதா என்று பாருங்கள். சட்டத்தின் 5-வது பிரிவில் விற்பதைப் போலவே பழுதுபார்ப்பதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். மெக்கானிக்கிடம் "அண்ணா, விடிகாலையில பத்துக்கு மூணு போகலை. கூடு எல்லாம் வரிசையா இருக்கு, விளிம்பில கடி விழுந்திருக்கு" என்று சொல்லுங்கள். ஃபயரிங் பின் எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்றும், ஹெட் ஸ்பேஸையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த ரைபிள்களில் பின் நீட்டம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். குறைந்தால் மிஸ்ஃபயர், அதிகமானால் ப்ரைமரைத் துளைக்கும்.

ரசீதில் ரைபிள் எண், போல்ட் எண், லைசென்ஸ் எண், கொடுத்த தேதி, என்ன பழுது, உத்தேசச் செலவு எல்லாம் இருக்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஒடிந்த ஸ்பிரிங்கைக் கையில் பார்த்தால் செய்த வேலை என்ன என்று தெரியும். பேரலைக் குட்டையாக்குவது, போர் மாற்றுவது பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். துரு போக மறுபடி நீலமேற்ற (இரும்பின் மேல் கருநீலப் பூச்சு தர) சொன்னால், எண் உள்ள இடத்தில் மெருகுக் கல் படக்கூடாது என்று எழுதியே வாங்குங்கள். எண் தேய்ந்த துப்பாக்கி 8-வது பிரிவில் உங்களுக்குத்தான் வழக்காகும்.

சேம்பரோ பேரலோ துருவில் போயிருந்தால், அதைக் கடையில் சரிசெய்ய முடியாது என்று நல்ல மெக்கானிக்கே சொல்லிவிடுவார். கேட்டுக்கொள்ளுங்கள், இன்னொரு கடை தேடாதீர்கள்.

திரும்ப வாங்கும்போது ரசீதோடு இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். டம்மி தோட்டாக்களை மேகஸினில் வரிசையாகப் போட்டு, ஏறுவதையும் வெளியே வீசுவதையும் உங்கள் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் சிக்கினால் போல்ட் தள்ளவே தள்ளாது. இதைப் பழுது என்று நினைத்துக் கடைக்கு வருபவர்கள் நிறையப் பேர்.

உங்கள் ஊரில் ஒன்று தனியாகக் கவனிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனில் ஈரக்காற்று, மார்கழி தையில் வறண்ட கிழக்குக் காற்று. ரைபிளின் மரக்கட்டை ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். ட்ரிகர் கார்டு ஸ்க்ரூ தளர்ந்து, குறி தானாக நகரும். குறி தவறுகிறது என்று சைட்டை (குறிபார்க்கும் முனை) நகர்த்தும் முன் ஸ்க்ரூவைப் பாருங்கள். 2022 மே முதல் கேரளத்தில் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர் வரை வந்துவிட்டதால், வருடம் முழுக்கச் சும்மா இருந்த ரைபிளை ஒரே இரவில் வெளியே எடுக்கிறார்கள். அதற்கு முன் சுடும் பயிற்சி ரேஞ்சில் ஐந்து தோட்டாவாவது சுட்டு, அந்தக் கூடுகளையும் எண் போட்டு வையுங்கள். ரைபிளைத் தோல் உறையிலோ கேன்வாஸ் உறையிலோ அப்படியே பூட்டி வைக்காதீர்கள். உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், சேம்பரில் முதல் துருக்குழி அங்கேதான் விழும்.