கரன்ட் எப்போது பாயும்? கேள்வி பதில்

கும்பகோணத்தில் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கிறேன். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே வகை: கரன்ட் போக மாட்டேன் என்கிறது, இல்லையென்றால் நிற்க மாட்டேன் என்கிறது.

திருவையாறு வாசகர்: ஒரு பென்சில் பேட்டரியில் வெள்ளை எல்இடி எரியவில்லை. போய்விட்டதா, சார்?

போகவில்லை. வெள்ளைக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். சிவப்பு 2 வோல்ட்டிலேயே எரியும். உங்களிடம் இருப்பது 1.5. மூன்று பேட்டரியும் வரிசையில் கரன்ட்டை மட்டுப்படுத்த ஒரு 100 ஓம் ரெசிஸ்டரும் போடுங்கள்.

வேதாரண்யம் வாசகர்: தொட்டி நிரம்பினால் பஸ்ஸர் கத்த ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி வைத்துச் செய்தேன். போர் தண்ணிக்குக் கத்தியது. ஐப்பசியில் மழைத்தண்ணி பிடிக்கும் தொட்டிக்கு மாற்றினேன், சத்தமே இல்லை அண்ணே.

அருமையான கேள்வி. டிரான்சிஸ்டருக்கு பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால்கள். பேஸில் போகும் சின்ன கரன்ட், கலெக்டர் வழியே பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும். அதற்கு பேஸில் எமிட்டரைவிட 0.6, 0.7 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். கொஞ்சம் கரன்ட்டும் உள்ளே போக வேண்டும். உங்களுக்கு அந்தக் கரன்ட், தொட்டிக்குள் தொங்கும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் வழியாக வருகிறது. தண்ணீரில் அதைச் சுமப்பது கரைந்திருக்கும் உப்பு. கடலோரத்து போர் தண்ணீரில் உப்புக்கு என்ன குறை! மழைத்தண்ணீரில் அது மிகச் சொற்பம். பேஸுக்குப் போகும் கரன்ட் பஸ்ஸரை இயக்கப் போதவில்லை.

இன்னொரு பிசி 547 சேருங்கள். முதலாவதின் எமிட்டரை இரண்டாவதின் பேஸில் கொடுத்து, இரண்டு கலெக்டரையும் ஒன்றாக்கி பஸ்ஸருக்குக் கொடுங்கள். டார்லிங்டன் ஜோடி என்பது இதுதான். முதலாவது பெருக்கியதை இரண்டாவது மறுபடி பெருக்கும். பேஸுக்கு இனி 1.2, 1.4 வோல்ட் வேண்டும், 9 வோல்ட்டில் அது பெரிய விஷயமில்லை. முதல் பேஸுக்கு முன்னால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கட்டும். தொட்டிக் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் டிரான்சிஸ்டர் தப்பிக்கும். அப்புறம், தொட்டிக்குள் தொங்கும் செம்புக் கம்பியை வெளியே எடுத்துப் பாருங்கள். பிளஸ் பக்கக் கம்பி பச்சை பூத்து அரித்திருக்கும். எவர்சில்வர் கம்பிக்கு மாற்றிவிடுங்கள்.

மன்னார்குடி மாணவர்: மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வகையில், அதைத் திறக்கும் காலான ‘கேட்’டை விரலால் தொட்டதும் பல்பு எரிந்தது. விரலை எடுத்தும் அணையவில்லை.

கேட்டுக்குக் கீழே மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது தம்பி, கரன்ட் அதைத் தாண்டாது. உன் விரல் தந்த மின்னூட்டம் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. கேட்டுக்கும் சோர்ஸ் என்ற காலுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடு, மின்னூட்டம் அதன் வழியே வடிந்துவிடும். உன் மாஸ்ஃபெட் ஐஆர்எஃப்இசட் 44 ரகம் என்றால் கேட்டில் 5 வோல்ட் கொடுத்து ஓட்டாதே. 2 முதல் 4 வோல்ட்டில் லேசாகத்தான் திறக்கும், முழுசாகத் திறக்க 10 வேண்டும். பாதி தூக்கிய மதகு போல நின்றால், லோடு பெரிதாகும்போது கொதித்துவிடும்.

பாபநாசம் வாசகர்: 12 வோல்ட் பேட்டரியில் எஸ்சிஆர் (கேட்டில் சின்ன கரன்ட் கொடுத்தால் திறக்கும் மின் சுவிட்ச்) போட்டேன். கேட் ஒயரைக் கழற்றியும் விளக்கு எரிகிறது.

அதன் குணமே அது. ஒருமுறை திறந்தால் கரன்ட் ஏறக்குறைய நிற்கும்வரை மூடாது. வீட்டு லைனில் வருவது திசை மாறி மாறிப் பாயும் கரன்ட்; அது நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் எஸ்சிஆர் தானாக மூடிக்கொள்ளும். பேட்டரியில் நீங்கள்தான் ஒரு சுவிட்ச் வைத்து லைனைத் துண்டிக்க வேண்டும்.