ஊசி வேண்டாம், கட்டி முழுதாக வெளியே வரட்டும்

கேள்வி: வயது 54, ஊர் டர்பன் சாட்ஸ்வொர்த். மாதவிடாய் நின்று 3 வருடம் ஆகிறது. ஸ்கேனில் இடது சினைப்பையில் 8 செ.மீ. கட்டி, உள்ளே தடுப்புகளும் திடமான பகுதியும் இருக்கிறதாம். ரத்தச் சோதனையில் சிஏ-125 (சினைப்பைப் புற்றில் கூடக்கூடிய ஒரு புரதம்) அளவு 62. வயிற்றைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். ஊசியால் நீரை உறிஞ்சிவிட்டால் போதாதா? சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பில் செய்யக்கூடாதா?

பதில்: அம்மா, ஊசியை மறந்துவிடுங்கள். உள்ளே புற்று இருந்தால் குத்திய துளை வழியாக வயிற்றுக்குள் சிந்திவிடும். உறிஞ்சிய நீரில் புற்று இல்லை என்று வந்தாலும் அதை நம்ப முடியாது. 5 செ.மீ.க்குக் குறைவான வெறும் நீர்க்கட்டியாக, சிஏ-125 சரியாக இருந்திருந்தால், 4 முதல் 6 மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களுடையது அந்த வகை இல்லை.

சிஏ-125 வழக்கமாக 35க்குள் இருக்கும். 62ஐ மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதனால் ஒரு கணக்குப் போடுவோம். ஸ்கேனில் தடுப்பு, திடப் பகுதி என்று சந்தேக அடையாளம் இரண்டு இருப்பதால் 3, மாதவிடாய் நின்றதால் இன்னொரு 3. இரண்டாலும் 62ஐப் பெருக்கினால் 558. 200ஐத் தாண்டினாலே பெண்களுக்கான புற்றுநோய் அறுவை நிபுணர் பார்க்க வேண்டும். புற்றுநோய்தான் என்று இதற்கு அர்த்தமில்லை. யார் அறுவை செய்வது என்பதை இது முடிவு செய்கிறது. ஆர். கே. கான் மருத்துவமனையில் காட்டினால், இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

லேப்ராஸ்கோப் சாதாரணக் கட்டிக்கு அருமையான வழி. உங்கள் கட்டி எடுக்கும்போது உடைந்தால், சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருந்த புற்றுகூட 1சி நிலைக்கு, அதாவது வயிற்றுக்குள் சிந்திய நிலைக்கு, போய்விடும். தேவைப்படாத கீமோ தேவைப்படலாம். நடு வயிற்றில் மேலிருந்து கீழாகத் திறந்தால் கட்டியை முழுதாக எடுக்கலாம். நீங்கள் அறுவை மேஜையில் இருக்கும்போதே கட்டியை உறைபனிச் சோதனைக்கு (சதையை உறைய வைத்து உடனே பார்க்கும் சோதனை) அனுப்பி, புற்று என்றால் கருப்பை, இரு சினைப்பைகள், குடலை மூடிய கொழுப்புத் திரை எல்லாவற்றையும் அப்போதே எடுத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் காசநோய் அதிகம். அது வயிற்றில் வந்தால் நீர் கோர்க்கும், சிஏ-125 நூற்றுக்கணக்கில் ஏறும், பார்க்கச் சினைப்பைப் புற்று மாதிரியே இருக்கும். சிடி ஸ்கேனில் வயிற்றில் நீர் தெரிந்தால், பெரிய அறுவைக்கு முன் சின்னதாகச் சதை எடுத்துச் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். மாத்திரையில் தீரும் நோய்க்குக் கருப்பையைப் பறிகொடுக்கக் கூடாது.

அம்மா, அக்கா, சித்தி யாருக்காவது மார்பகப் புற்று இருந்ததா? அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம், திடீரென்று வாந்தியோடு அடிவயிறு சுருட்டி வலித்தால் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம். ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.