முறிந்த கம்பியைப் பொருத்தி அளந்தீர்களா? – எஃகு இழுவிசைச் சோதனை: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கட்டுமானக் கம்பியைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு முறை மட்டும் பதில் தந்திருக்கிறேன். புதியவர்களுக்கு: தகைவு என்பது விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்த மதிப்பு; ஈல்டு என்பது கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் நிலை; இழுவலிமை என்பது அது தாங்கும் உச்சத் தகைவு; எஃப்.இ. 500 என்றால் ஈல்டு குறைந்தது 500 மெகாபாஸ்கல் இருக்க வேண்டிய கம்பி.

16 மி.மீ. எஃப்.இ. 500 கம்பியின் ஈல்டு தகைவை ஒரு சோதனைக் கூடம் 487 மெகாபாஸ்கல் என்றும் மற்றொரு கூடம் 523 என்றும் தருகிறது. இரண்டிலும் ஈல்டு விசை 98 கிலோநியூட்டன்தான். எது சரி?

523 சரி. முதல் கூடம் விசையைப் பெயரளவுப் பரப்பான 201 சதுர மி.மீ.ஆல் வகுத்திருக்கிறது. கம்பிக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1786 கேட்பது எடையிலிருந்து கணக்கிட்ட உண்மைப் பரப்பை. நீங்கள் அனுப்பிய தாளின்படி 500 மி.மீ. துண்டு 735 கிராம், அதை எஃகின் அடர்த்தியையும் நீளத்தையும் பெருக்கிய 0.00785 × 500 என்பதால் வகுத்தால் ஏறத்தாழ 187 சதுர மி.மீ. வருகிறது. ஆனால் இதில் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. மீட்டருக்கு 1.58 கிலோ இருக்க வேண்டிய கம்பி 1.47 கிலோதான் இருக்கிறது. அதாவது 7% குறைவு. இந்த விட்டத்தில் ஒரு தனி மாதிரிக்கு 6% குறைவு வரைதான் அனுமதி. வலிமையில் தேறிய இதே கம்பி எடையில் தவறிவிட்டது; தூணுக்குள் சுமையைத் தாங்கப்போவது இருக்கிற இரும்புதானே தவிர, பில்லில் எழுதிய விட்டம் அன்று. எந்தச் சோதனைக்கும் முன்னால் எடை போடுங்கள்.

எங்கள் எஃப்.இ. 500 கம்பிக்கு ஈல்டு 620, இழுவலிமை 650 வந்திருக்கிறது. கேட்டதைவிடக் கூடுதல் என்பதால் நல்ல கம்பிதானே?

இல்லை. ஐ.எஸ். 1786-இன்படி இழுவலிமை குறைந்தது 545 இருக்க வேண்டும் என்பதோடு, அதே கம்பியில் அளந்த ஈல்டு மதிப்பைவிட 8% அதிகமாகவும் இருக்க வேண்டும். உங்கள் கம்பியில் இந்த இடைவெளி 5%கூட இல்லை. நிலநடுக்கத்தைத் தாங்க வடிவமைக்கும் கட்டடம் என்றால் ஐ.எஸ். 13920 இன்னும் கண்டிப்பானது: இழுவலிமைக்கும் ஈல்டுக்கும் உள்ள விகிதம் குறைந்தது 1.15 வேண்டும், ஈல்டு 600-ஐத் தாண்டவும் கூடாது. கம்பி இளகத் தொடங்குவதற்கும் அறுவதற்கும் இடையிலுள்ள இந்த இடைவெளிதான் கட்டடத்துக்குள் இருப்பவர்கள் வெளியே வரக் கிடைக்கும் அவகாசம்.

வரைபடத்தில் ஈல்டு புள்ளியே தெரியவில்லை. மாதிரி பழுதானதா?

பழுதில்லை. தெளிவான ஈல்டு எல்லா எஃகிலும் வராது. 0.2% புரூஃப் தகைவை, அதாவது 0.2% நிரந்தர நீட்சி தரும் தகைவை, எக்ஸ்டென்சோமீட்டர் (கம்பியிலேயே மாட்டி நீட்சியை அளக்கும் கருவி) பொருத்தி எடுங்கள்.

எஃப்.இ. 500டி (கூடுதலாக நீள வேண்டிய வகை), 16 மி.மீ. கம்பி. யூ.டி.எம். (சோதனை இயந்திரம்) கணினி நீட்சி 37% என்று அச்சிட்டுத் தருகிறது. கையால் அளந்தால் 14%தான் வருகிறது. அறிக்கையில் எதை எழுதலாம்?

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் எழுதிச் சலிக்காத விஷயம் இது, மீண்டும் எழுதுகிறேன். கணினி தந்த எண் நீட்சியே அன்று. உங்கள் இயந்திரத்தில் பிடிகளுக்கு இடையே சுமார் 250 மி.மீ. கம்பி இருந்திருக்கும். அந்த முழு நீளமும் நீண்டது, பிடியின் ஆப்புகளும் சிறிது வழுக்கி இறுகின. எல்லாம் சேர்ந்து, பிடியைத் தாங்கி நகரும் சட்டமான கிராஸ்ஹெட் 30 மி.மீ. நகர்ந்தது. மென்பொருளோ அந்த 30-ஐ நீங்கள் தட்டச்சு செய்த 80 மி.மீ. கேஜ் நீளத்தால் (நீட்சியை அளக்கக் கம்பியில் குறிக்கும் நீளம்) வகுத்துவிட்டது. 250 மி.மீ.இல் நிகழ்ந்ததை 80 மி.மீ.இன் கணக்கில் எழுதினால் எந்த மோசமான கம்பியும் தேறிவிடும். 500டி கம்பிக்கு வேண்டியது 16%. உங்கள் கம்பி 14%தான் நீண்டிருக்கிறது. அது தேறவில்லை, அதையே எழுதுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் கம்பி பற்றிய தகராறில் என்னை அழைத்தார்கள். அறிக்கையில் எல்லா மாதிரிக்கும் நீட்சி 30%க்கு மேல் இருந்தது. முறிந்த துண்டுகளைக் காட்டுங்கள் என்றேன்; பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். கட்டடத்தில் மிச்சமிருந்த கம்பியை வெட்டி எடுத்து, 10 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு, நானே நின்று இழுத்துப் பார்த்தேன். ஈல்டு வந்தபோது மேற்பரப்பின் கருஞ்செதிள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிறகு ஓரிடத்தில் கம்பி மெலிந்து கழுத்து விழுந்து, பெரிய சத்தத்துடன் அறுந்தது. இளஞ்சூடாக இருந்த இரண்டு துண்டுகளையும் பொருத்தி அளந்தபோது 80 மி.மீ. என்பது 90 மி.மீ.கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு தளம் எழும்பியிருந்தது. அன்றிலிருந்து, முறிந்த துண்டைப் பார்க்காமல் எந்த நீட்சி எண்ணையும் நான் ஏற்பதில்லை.

முறை எளிதுதான். கம்பியின் முழு நீளத்துக்கும் 5 அல்லது 10 மி.மீ. இடைவெளியில் மெல்லிய குறி இடுங்கள். குறியிடும் பஞ்ச் கருவியை ஆழமாக அடித்தால் அங்கேயே அறுந்துபோகும். முறிந்த முனைகளை ஒரே நேர்கோட்டில் இடைவெளியின்றிப் பொருத்தி வெர்னியரால் அளவெடுங்கள். முறிவு அருகிலுள்ள கேஜ் குறியிலிருந்து கேஜ் நீளத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் விழுந்து, நீட்சியும் குறைவாக வந்தால், அந்த அளவு செல்லாது. இறுதியாக, சதவீதத்தின் பக்கத்தில் கேஜ் நீளத்தையும் எழுதுங்கள். 80 மி.மீ.இல் 16% நீளும் கம்பி 200 மி.மீ.இல் அவ்வளவு காட்டாது, ஏனென்றால் கழுத்து விழுந்த இடத்தின் பங்கு நீளம் கூடக்கூடக் குறைகிறது. கேஜ் நீளம் இல்லாத நீட்சி எண்ணுக்குப் பொருளே இல்லை.

கல்லூரி ஆய்வகத்தில் மைல்ட் ஸ்டீலின் யங் குணகம் (தகைவு ÷ திரிபு) 60 கிகாபாஸ்கல் வந்தது. எங்கே தவறு?

மேலே சொன்ன அதே தவறு. கிராஸ்ஹெட் நகர்வைத் திரிபாக (நீட்சி விகிதமாக) கொண்டிருக்கிறீர்கள். எக்ஸ்டென்சோமீட்டரை மாட்டினால் 200-ஐ ஒட்டி வரும்.

இயந்திரத்தின் பிடியில் அடங்காததால் 20 மி.மீ. டி.எம்.டி. கம்பியை லேத்தில் 12 மி.மீ. ஆகக் கடைந்து சோதித்தோம். வலிமை மிகக் குறைந்துவிட்டது. கம்பி போலியா?

கம்பியைக் குறை சொல்வதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று யோசித்திருக்கலாம். டி.எம்.டி. கம்பி உருளைகளிலிருந்து சிவக்கச் சிவக்க வெளிவந்ததும் தண்ணீர் பாய்ச்சி மேற்பரப்பைத் திடீரெனக் குளிர்விக்கிறார்கள். உட்பகுதியின் மிச்சச் சூடு பின்னர் அந்த வெளிப்பரப்பைப் பதப்படுத்துகிறது. ஆகவே வெளியே கடினமான ஓடு, உள்ளே மென்மையான, இழுபடும் எஃகு. அந்த ஓட்டை நீங்கள் லேத்தில் சுருள் சுருளாகச் சீவி எறிந்துவிட்டு, மிஞ்சிய மென்மையான நடுப்பகுதியைச் சோதித்திருக்கிறீர்கள். கம்பியை முழுக் குறுக்குவெட்டுடன்தான் இழுக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 1786-இலேயே இருக்கிறது. பெரிய பிடியுள்ள கூடத்துக்குக் கொண்டுபோங்கள். முதலில் எடை போடுங்கள்.

பிரினெல் கடினத்தன்மையிலிருந்து (குண்டை அழுத்தி அளப்பது) இழுவலிமையைக் கணக்கிடலாமா?

சாதாரணக் கரிம எஃகில் பிரினெல் எண்ணின் சுமார் 3.4 மடங்கு மெகாபாஸ்கல் என்று தோராயமாக மதிப்பிடலாம். ஈல்டும் நீட்சியும் அதிலிருந்து கிடைக்கா. டி.எம்.டி. கம்பியில் ஓடும் நடுவும் வெவ்வேறு என்பதால் அந்த மதிப்பீடும் வேண்டாம்.

“130 கிலோநியூட்டனில் கம்பி அறுந்தது. பாஸா ஃபெயிலா?”

விட்டம் இல்லை, தரம் இல்லை, எடை இல்லை. இவற்றை எழுதி மறுபடியும் அனுப்புங்கள்.

சோதனையை எவ்வளவு வேகத்தில் நடத்த வேண்டும்? எங்கள் இயந்திரம் பழைய எண்ணெய் வால்வு வகை.

தகைவு வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறையில், எஃகுக்கு மீள்தன்மை எல்லைக்குள் நொடிக்கு 6 முதல் 60 மெகாபாஸ்கல் வரை இழுவிசைச் சோதனைக்கான தரநிலையான ஐ.எஸ். 1608 அனுமதிக்கிறது. 16 மி.மீ. கம்பிக்கு இது நொடிக்கு ஏறத்தாழ 1.2 முதல் 12 கிலோநியூட்டன். வேகம் கூடினால் ஈல்டு மதிப்பு உயர்ந்து தெரியும். நாளொன்றுக்கு ஐம்பது மாதிரியை முடிக்கும் அவசரத்தில் வால்வை முழுவதும் திறப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நொடி காட்டும் கடிகாரம் ஒன்று போதும். எஃப்.இ. 500 கம்பியில் சுமை ஏறத் தொடங்கி 8 நொடிக்குள் ஈல்டு வந்துவிட்டால் வரம்பை மீறிவிட்டீர்கள் என்று பொருள்; அந்த முடிவை அடித்துவிட்டு, அதே கம்பியிலிருந்து இன்னொரு துண்டை வெட்டி, எடை போட்டு, குறி இட்டு, மீண்டும் இழுங்கள்.