போருக்குத் தப்பி வருபவர்களை நாடுகள் ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

ஏற்றுக்கொள்ள வேண்டும். சிரியாவையோ உக்ரைனையோ தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நீங்கள் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாம்பனில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி வேறு விதமாகப் படும். தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் அளவுக்குத்தான் கடல் இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்தவர்கள் யாரிடமும் அனுமதி கேட்டுவிட்டுப் படகு ஏறவில்லை. 2022இல் எரிபொருளும் பால்மாவும் கிடைக்காமல் கிளம்பி வந்து, அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளில் பிள்ளைகளோடு இறக்கிவிடப்பட்டவர்களும் அப்படித்தான். பக்கத்து நாட்டுக்கு ஏற்பதா மறுப்பதா என்று யோசிக்க அவகாசம் கிடைப்பதில்லை. ஏற்ற பிறகு என்ன செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் ராமநாதபுரத்தில் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். என்னிடம் உள்ள ஆட்களில் சுவர்ப்பூச்சின் ஏற்ற இறக்கத்தைக் கையால் தடவியே சொல்லிவிடக்கூடியவர் ஒருவர்தான். அவர் மண்டபத்தில் உள்ள இலங்கை அகதிகள் முகாமில் 1988இல் பிறந்தவர். குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதால் இவன் பரிந்து பேசுகிறான் என்று கீழே யாராவது எழுதுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஊர்க்காரருக்கு என்ன கூலியோ அதுவேதான் அவருக்கும், பட்டி பார்க்கும் நாட்களில் கூடுதலாகவும் தருகிறேன்.

ஒருமுறை மதுரையில் பெரிய வேலை ஒன்று முடியும் தறுவாயில் முகாமில் 'செக்கிங்' வந்துவிட்டது. அன்று நேரில் நின்று கையெழுத்திடாவிட்டால் அரசு தரும் பணக்கொடை நிற்கும், பதிவே நீக்கப்படலாம் என்ற அச்சமும் உண்டு. நானே உடன் சென்று, இவர் எங்கே என்ன வேலையில் இருக்கிறார் என்பதை எழுதித் தருகிறேன் என்று கேட்டும், அங்கிருந்த அலுவலர் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. "விடுங்கண்ணே, இதுக்குப் போய் நீங்க எதுக்குப் பேச்சு வாங்கணும்" என்று எங்கள் ஆளே என்னைச் சமாதானப்படுத்தியது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவருடைய சேமிப்பில் வாங்கிய இருசக்கர வண்டி இன்றும் என் பெயரில்தான் ஓடுகிறது. அது அவருடையதில்லை என்று நான் நாளை மறுத்தால் அவரிடம் காட்ட ஒரு தாளும் இல்லை.

சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1991இல் திருப்பெரும்புதூரில் விடுதலைப் புலிகள் ராஜீவ் காந்தியைக் கொன்றதை மறந்துவிட்டுப் பேசுவதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பிறகு இந்தக் கரையில் கெடுபிடி கூடியதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அப்போது மூன்று வயதுக் குழந்தையாக இருந்தவரை, முப்பது வயதைத் தாண்டிய பின்னும் அதே கண்ணோடு பார்ப்பதற்கு என்ன காரணம்?

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் இங்கே இல்லை. ஆகவே அரசின் மனநிலை மாறும்போதெல்லாம் இவர்கள் நிலையும் மாறுகிறது. குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், ஒரு சில விலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே முகாமில் இரண்டு ஆண்டு கழித்துப் பிறந்த எங்கள் ஆளுக்கு அந்த வழி இல்லை. 2019இல் சட்டத்தைத் திருத்தியபோதும் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இலங்கை விடுபட்டது. தமிழ்நாட்டு அரசு 2021இல் முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. வீடுகளும் கட்டித் தருகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் குடியுரிமை கொடுப்பது மாநிலத்தின் கையில் இல்லை.

"போர்தான் 2009இல் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே" என்பார்கள். போக விரும்புகிறவர்கள் போகட்டும், பலர் போயும் இருக்கிறார்கள். எங்கள் ஆளுக்கு அக்கரை என்பது பெற்றோர் சொல்லிக் கேட்ட இடம் மட்டுமே. மனைவி மக்கள் எல்லாரும் இங்கே பிறந்தவர்கள். உங்கள் நாடு இனிமேல்தான் முடிவெடுக்கப் போகிறது என்றால், தாராளமாக ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்; அந்த மண்ணில் பிறக்கப்போகும் குழந்தை எத்தனை ஆண்டில் குடியுரிமை பெறும் என்பதை முதல் நாளே சட்டத்தில் எழுதிவைக்கவும் சொல்லுங்கள்.