ஷோர் மீட்டரில் ரெண்டும் 60, ஓட்டத்தில் ஒன்று ஃபெயில்

கேள்வி: அம்மா, சின்னதாக ரப்பர் மோல்டிங் யூனிட் நடத்துகிறேன். இயற்கை ரப்பரில் புஷ் (இயந்திரத்தில் அதிர்வு தாங்கும் உருளை) போடுகிறோம். கடைசியாக அனுப்பிய இரண்டு லாட்டும், கெட்டித்தனத்தை அளக்கும் ஷோர் மீட்டரில் 60. ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று மூன்றே வாரத்தில் பிளந்து திரும்பி வந்துவிட்டது. என்.எம்.ஆரில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார் நண்பர். அது ஆஸ்பத்திரி ஸ்கேன் இல்லையா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: தத்துவம் அதேதான், தம்பி. என்.எம்.ஆர். என்றால் ‘நியூக்ளியர் மேக்னெட்டிக் ரெசொனன்ஸ்’, அணுக்கருவின் காந்த ஒத்ததிர்வு. 1946-ல் பிளாக், பர்செல் என்ற இரு இயற்பியலாளர்கள் தனித்தனியாகக் கண்டறிந்து, 1952-ல் நோபல் வாங்கியது. ‘நியூக்ளியர்’ என்றால் நோயாளி மிரளுவார் என்று ஸ்கேன்காரர்கள் அந்தச் சொல்லை உதிர்த்துவிட்டார்கள்.

ஷோர் மீட்டர் ஊசியால் அழுத்திப் பார்க்கும். எதனால் கெட்டி என்று கேட்காது. கெட்டிக்காகச் சேர்க்கும் கரித்தூளான கார்பன் பிளாக்கைக் கூட்டினாலும் 60 வரும், ரப்பர் இழைகளைப் பிணைக்கும் கந்தக முடிச்சு கூடினாலும் 60 வரும். சரியாக வேகாமல் எடுத்த ரப்பரும், வெந்து தாண்டி முடிச்சு அறுந்து ‘ரிவர்ஷன்’ ஆன ரப்பரும்கூட ஒரே எண்ணில் நிற்கலாம்.

என்.எம்.ஆர். கேட்பது ரப்பர் இழையில் இருக்கும் ஹைட்ரஜனை. ஒவ்வொரு ஹைட்ரஜன் கருவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துக் காந்தம் அதைச் சீண்டிக்கொண்டே இருக்கும். இழை எல்லாப் பக்கமும் தாராளமாகப் புரண்டால் அந்தச் சீண்டல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கழிந்துவிடும். மொட்டைமாடிக் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை அவிழ்ந்த கயிறு காற்றில் கண்டபடி அலையும். இரண்டு முனையும் கட்டிய கயிறு எவ்வளவு ஆடினாலும், அது எந்தத் தூணிலிருந்து எந்தத் தூணுக்குப் போகிறது என்பது தெரிந்துவிடும். கந்தக முடிச்சுதான் தூண். இரண்டு முடிச்சுக்கு நடுவில் மாட்டிய இழையில் சீண்டல் முழுதாகக் கழியாது, கொஞ்சம் மிஞ்சும். முடிச்சுகள் நெருங்க நெருங்க மிச்சம் கூடும், ஹைட்ரஜனிடமிருந்து மெஷின் வாங்கும் சிக்னலும் சீக்கிரம் அணையும். முனை தொங்கும் இழை, கட்டுப்படாத இழை, ரப்பரை இளக்கச் சேர்க்கும் பிராசஸ் ஆயில் எல்லாம் மெதுவாக அணையும் வாலாகத் தனியே தெரியும். அந்த வாலைக் கழித்துவிட்டு முடிச்சுகள் சீராக இருக்கின்றனவா, திட்டுத் திட்டாக இருக்கின்றனவா என்று பார்க்கும் ‘டபுள் குவாண்டம்’ முறையை ஜெர்மனியின் ஹாலே நகரில் சால்வாக்டர் குழு நன்றாக வளர்த்திருக்கிறது. உங்கள் புஷ்ஷுக்கு அந்தத் திட்டுக் கணக்குதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

கார்பன் பிளாக்கால் இங்கே பெரிய ஏமாற்று இல்லை, சிக்னல் ரப்பரிலிருந்துதான் வருகிறது. ஆனால் ஒரு கந்தக முடிச்சில் எத்தனை கந்தக அணு என்பதை ஹைட்ரஜன் சொல்லாது. அதற்குக் கார்பன்-13 என்ற கார்பன் வகையைக் கேட்க வேண்டும். அது நூறு கார்பனில் ஒன்றுதான் இருக்கும் என்பதால் வெகுநேரம் காத்திருக்க வேண்டும்.

எங்கள் லேபில் மேஜைமேல் வைக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் மெஷின். ரப்பரைப் பயறளவு நறுக்கி, சுண்டுவிரல் பருமனுள்ள கண்ணாடிக் குழாயில் போட்டு இறக்குவோம். ஒருமுறை அதே குழாய் காலையில் ஒரு எண், மத்தியானம் வேறு எண். நாலு நாள் மண்டையைக் குடைந்தேன். கடைசியில், ஹீட்டர் கண்ட்ரோலர் செத்துக் கிடந்தது. ரூம் சூட்டுக்கேற்ப இழை வேகமாகவும் மெதுவாகவும் ஆடியிருக்கிறது. அன்றிலிருந்து 80 டிகிரியில் கால் மணி நேரம் வைக்காமல் நான் எதையும் அளந்ததில்லை.

நீங்கள் மெஷின் வாங்கப் போகாதீர்கள். இரண்டு லாட்டிலிருந்தும் ஒரே எடையில் துண்டு வெட்டி, மூடியுள்ள பாட்டிலில் டோலுயீன் என்ற கரைப்பானில் மூன்று நாள் போடுங்கள் (ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது). எடுத்துத் துடைத்து உடனே எடை போடுங்கள். காம்பவுண்ட் (ரப்பர் கலவை) ஒன்றே என்றால், அதிகம் குடித்த துண்டில் முடிச்சு குறைவு. இரண்டும் சமமாகக் குடித்தால் அப்போது என்.எம்.ஆருக்கு அனுப்பலாம்.

கேள்வி: டயரை வெட்டாமல் இப்படி அளக்க முடியுமா? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: முடியும். ஜெர்மனியின் ஆகென் நகரில் புளூமிஷ் குழு 1990களின் நடுவில் ‘மவுஸ்’ என்ற கையடக்கக் கருவியைச் செய்தது. சாம்பிளை காந்தத்துக்குள் வைப்பதற்குப் பதிலாகக் காந்தத்தையே டயர்மேல் வைப்பார்கள். மேலிருந்து சில மில்லிமீட்டர் ஆழம்தான் எட்டும். கைக்கடிகாரத்தை மட்டும் முதலில் கழற்றி வைத்துவிடுங்கள்.