ஆளுநருக்கு அனுப்பிய மனுவுக்குப் பதில் இல்லை: கோபி நண்பருக்கு

வணக்கங்க. கோவை மத்திய சிறையில் ஆயுள் தண்டனையில் இருக்கும் அண்ணனுக்காக, கோபியிலிருந்து நேராக ஆளுநருக்கு மனு அனுப்பி எட்டு மாதமாகப் பதில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அரசியல் சாசனத்தின் 161-வது பிரிவில் ஆளுநருக்கு உண்டு. ஆனால் அமைச்சரவை சொல்கிறபடிதான் அவர் நடக்க வேண்டும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனையில் இருந்த பேரறிவாளனின் வழக்கைப் பாருங்கள். 2018 செப்டம்பரில் அமைச்சரவை பரிந்துரைத்தும் ஆளுநர் தரப்பில் இழுத்துக்கொண்டே போனது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே அவரை விடுவித்தது. அமைச்சரவையின் முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது.

அதனால் கோப்பு மாநில அரசு வழியாகத்தான் நகர வேண்டும். அண்ணன் கையெழுத்திட்ட மனுவைச் சிறைக் கண்காணிப்பாளர் மூலமாக அரசுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தீர்ப்பு நகல், உள்ளே இருந்த நாள் கணக்கு, நீங்கள் சொன்ன அம்மாவின் டயாலிசிஸ் சீட்டுகள் எல்லாம் சேரட்டும். 14 வருடம் ஆகவில்லையே என்று தயங்காதீர்கள். ஆயுள் கைதிகள் சிலரை 14 வருடம் முடியும் முன் விடக் கூடாது என்கிற சட்ட வரம்பு, 161-வது பிரிவின் அதிகாரத்தைக் கட்டாது. வக்கீல் செலவுக்குக் கடன் வாங்க வேண்டாங்க. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கைதிகளுக்கு இலவசமாகவே வக்கீல் தருவார்கள். அடுத்த முறை அண்ணனைப் பார்க்கப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.