ஏழு மாதமாகியும் நாட்டுக்கோழிகள் சரியாக முட்டை வைக்கவில்லையே, மலட்டுக் கோழியா?

நீங்கள் கேட்டது: வீட்டுக்குப் பின்னால் நாலு நாட்டுக்கோழிப் பெட்டைகள், ஏழாவது மாதம் நடக்கிறது. ஒன்று மட்டும் ஓடில்லாத தோல்முட்டை ஒன்று போட்டது, மற்ற மூன்றும் சும்மா மேய்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் 'இதெல்லாம் மலடு, அடித்துக் குழம்பு வையுங்கள்' என்கிறார்.

அவர் பேச்சைக் கேட்காதீர்கள். முட்டைக்கு வராத வெடக்கோழியின் கறிக்கு என்ன ருசி என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான் விஷயம்.

18 வாரம், 20 வாரம் என்று சொல்லும் கணக்கெல்லாம் பண்ணையில் வளரும் முட்டைக்கோழிக்கு. முட்டைக்காகவே தேர்ந்து தேர்ந்து உருவாக்கிய இனம் அது. நாட்டுக்கோழி ஆறு, ஏழு மாதத்தில்தான் முட்டைக்கு வரும். பெருவிடை என்கிற பெரிய உருவ நாட்டுக்கோழியாக இருந்தால் எட்டு மாதம்கூட ஆகலாம். தவிடும் சோற்றுப் பருக்கையும் மட்டுமே தின்று வளர்ந்த கோழி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் கூண்டுக்குள் விளக்குப் போட வேண்டாம். அங்கே குளிர்காலத்தில் பகல் 8 மணி நேரமாகச் சுருங்கும், அதனால் போடுகிறார்கள். நம் ஊரில் மார்கழியிலும் பகல் 11 மணி நேரத்துக்குக் கீழே போகாது.

வயதை விட்டுவிட்டுக் கோழியைப் பாருங்கள். வெளிறிக் கிடந்த கொண்டையும் தாடியும் ரத்தச் சிவப்பாக மாறும். பெருவிடைக்குக் கொண்டையே சின்னது என்பதால் அதன் முகத் தோலைப் பார்க்க வேண்டும். முதுகில் கை வைத்தால் ஓடாமல் இறக்கையைக் கொஞ்சம் விரித்து அப்படியே பதுங்கிவிடும். மூலை முடுக்கெல்லாம் நுழைந்து பார்த்துக்கொண்டு, கேறிக்கொண்டே திரியும். இதில் எதையும் நம்ப முடியவில்லையென்றால் இரவில் அடைந்த பிறகு கையில் எடுத்து, பின்வாய்க்கு இரண்டு பக்கமும் துருத்தியிருக்கும் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். நடுவில் ஒரு விரல்கூடச் சரியாகப் போகவில்லை என்றால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு விரல் தாராளமாகப் போய், பின்வாயும் அகலமாக ஈரமாக இருந்தால் அந்தக் கோழி முட்டை வைத்துக்கொண்டிருக்கிறது.

எங்கே வைக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. என் அனுபவத்தில், 'என் கோழி முட்டையே வைக்கவில்லை' என்று சொல்கிற வீடுகளில் பாதியில் கோழி வைக்கோல் போரிலோ விறகு அடுக்குக்குப் பின்னாலோ சத்தமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கும். கீரியும் காக்காயும் நம்மை முந்திக்கொள்ளும். ஒரு வாரம் காலையில் சீக்கிரம் திறந்துவிடாதீர்கள். பத்து, பதினோரு மணி வரை பஞ்சாரத்திலோ கூண்டிலோ வைத்து, உள்ளேயே தீனியும் தண்ணீரும் கொடுங்கள். இருட்டான மூலையில் வாயகன்ற பழைய கூடை ஒன்றில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, ஒரு முட்டையை எடுக்காமல் விட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பந்து வைத்தாலும் ஏமாறும். இடம் ஒருமுறை பழகிவிட்டால் பிறகு நீங்கள் விரட்டினாலும் அங்கேதான் வரும். ஒளித்து வைத்த முட்டைகள் குவியலாகக் கிடைத்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதப்பதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

இப்போது அந்தத் தோல்முட்டை. ஒரு முட்டை உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு படிவதற்கே போகிறது. முதன்முதலாக முட்டைக்கு வருகிற கோழிக்கு இந்த ஓட்டம் உடனே சீராகாது. ஓடு படியும் முன்பே ஒன்று நழுவி வந்துவிடும். சில சமயம் இரண்டு கரு ஒன்றாக இறங்கி ரெட்டைக் கரு முட்டை வரும், சில சமயம் கருவே இல்லாமல் கோலிக்குண்டு அளவில் வரும். ஓட்டின் மேல் ரத்தக் கீற்று இருந்தாலும் பயப்பட வேண்டாம், புதுக் கோழிக்கு அது சகஜம். இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும்.

அதற்குப் பிறகும் தோல்முட்டை வந்தால் சுண்ணாம்புச் சத்துப் போதவில்லை என்று அர்த்தம். முட்டை ஓட்டில் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். தீனியில் கிடைக்காவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், கோழி இளைத்துப்போகும். தீவனக் கடையில் கிளிஞ்சல் நொறுக்கு கிடைக்கும். தீனியோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ஓடு படிவது பெரும்பாலும் இரவில் என்பதால் சாயங்காலம் அடைவதற்கு முன்னால் போய்க் கொத்தும். வீட்டு முட்டை ஓட்டைக் கொடுப்பதானால் சட்டியில் வறுத்து நன்றாகப் பொடித்துக் கொடுங்கள். பாதி ஓடாகப் போட்டால் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், வாயும் தொண்டையும் வெந்துவிடும்.

கடையில் முட்டைக்கோழித் தீவனம் வாங்குகிறவர்கள் முதல் முட்டை வந்த பிறகு தொடங்கினால் போதும். அதில் கால்சியம் 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும், வளரும் குஞ்சுக்கு அதைப் போட்டால் சிறுநீரகம் கெடும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி இதுவரை போடவில்லையென்றால் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி போட்டுவிடுங்கள்.

தினம் ஒரு முட்டை எதிர்பார்க்காதீர்கள். இன்று காலை வைத்தால் நாளை இன்னும் தாமதமாக வைக்கும், அப்படியே தள்ளித் தள்ளிப் போய் ஒரு நாள் விட்டுவிடும். 10, 15 முட்டை வைத்ததும் அடைக்குப் படுத்துக்கொள்ளும், அது நாட்டுக்கோழியின் குணம். முதல் சுற்று முட்டைகள் சிறுசாக இருக்கும், குஞ்சும் சிறுத்துத்தான் பொரியும். அதனால் அவற்றைச் சாப்பிடுங்கள், அடை வைப்பதை அடுத்த சுற்றுக்குத் தள்ளுங்கள். சேவல் இல்லாமலும் கோழி முட்டை வைக்கும், ஆனால் அது பொரியாது. உங்களிடம் சேவல் இல்லையென்றால், சேவல் உள்ள வீட்டில் முட்டை வாங்கி இரவில் கோழிக்கு அடியில் வைத்துவிடலாம். ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.